லேமினேட் செய்த உயில்

தம்போய்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் லோஷினிக்கு அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஹேமநாதனும் பேத்தி சாந்தினியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். வாட்சாப் இருக்கும்போது அப்பா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனில் நான் உயில் என்று வாயைத் திறந்தாலே, அப்பா அந்தப் பேச்சே வேணாம்லா, சாப்டீங்களா இல்லயா, அத சொல்லுங்க என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். போன தடவை கோபத்தில் போனையே வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது இல்லையா, அதனால்தான் இந்த வழி.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், சிரித்துக்கொள். உன் அம்மா போய் ரெண்டு வருஷம் ஆகப்போகிறது, அவள் இருந்தவரைக்கும் வீட்டுக் காகிதம் எல்லாம் அவள் பொறுப்புதான். சின்ன வயதில் பாலோ தோட்டத்தில் லயத்து வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து அவளுடைய பிறப்புப் பத்திரம் கூழாகிப் போய், ஐ.சி. அடையாள அட்டை எடுக்க அவள் அப்பா எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார் என்று உனக்கும் நூறு தடவை சொல்லியிருப்பாள். அதிலிருந்து எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் போட்டோஸ்டாட் கடைக்கு ஓடிப்போய் லேமினேட் பண்ணிவிடுவாள். நீ மூன்றாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சர்ட்டிபிகேட்டைக்கூட விட்டுவைத்தாளா? இப்போது அவள் இல்லாததால் நானே உட்கார்ந்து என் கையாலேயே உயில் எழுதினேன், வீடு உனக்கு, எல்லாவற்றையும் பார்த்து முடித்துவைக்கும் பொறுப்பும் உனக்கு, அம்மாவின் தையல் மிஷின் மட்டும் பக்கத்து வீட்டு ரசியாவுக்கு. அந்தப் பிள்ளைதான் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மீன் குழம்பைக் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டு அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறாள், அந்தக் கூப்பிடும் சத்தத்துக்காகவே அவளுக்கு எதையாவது கொடுக்க வேண்டும்போல இருந்தது. சாட்சிக்கு அவளும் அவள் புருஷன் ஹாரூனும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே உயிலை அதே போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டுபோய் ரெண்டு பக்கமும் பளபளவென்று லேமினேட் போட்டு வாங்கிவந்தேன். அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

எதற்கும் ஒரு லாயரிடம் காட்டிவிடுங்கள் என்று ஹாரூன் சொன்னதால் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் ஒரு லாயரம்மாவிடம் போனேன், நம் தமிழ்ப் பெண்தான், உன் வயதுதான் இருக்கும். அவர் அதைச் சாப்பாட்டுக்கடை மெனுவைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலமாக், அங்கிள், உயில யாராச்சும் லேமினேட் பண்ணுவாங்களா என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நாளைக்கு ஒரு சந்தேகம் வந்து கையெழுத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் பிளாஸ்டிக்குக்குள் இருப்பதை என்ன செய்வது, கோர்ட்டில் கேள்வி வரும் என்றார். அதைவிடப் பெரிய தப்பு சாட்சியில் இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய புருஷன் பெண்சாதிக்கோ அந்த உயிலில் எதையும் எழுதிக்கொடுத்தால் அது செல்லாதாம். அதாவது ரசியாவுக்குத் தையல் மிஷின் போகாது. எல்லாவற்றையும் புதிதாக எழுதுவோம், ஒண்ணும் கிடைக்காத ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க அங்கிள் என்று சொல்லி அனுப்பினார்.

லோஷினி, அந்த ரெண்டு பேரைத் தேடித்தான் நான் நொந்துபோனேன். வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என்னோடு ஒர்க் ஷாப்பில் இருபது வருஷம் வேலை செய்த சின்னத்தம்பி மாமா போன தைப்பூசத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கேயே வேலை செய்த கமலநாதன் அங்கிளை மகன் சிங்கப்பூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். எதிர் வீட்டுக்காரர்கள் விடிவதற்கு முன்னால் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள், அவர்கள் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் ஒரே தாமான் குடியிருப்பில் இருந்தவனுக்கு, ரசியாவையும் ஹாரூனையும் விட்டால் கூப்பிட ரெண்டு ஆள் இல்லை. வெறும் கையோடு போய் நின்றேன். லாயரம்மா வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த ரெண்டு பெண்களை உள்ளே கூப்பிட்டார். புதிய உயிலில் நான் கையெழுத்துப் போட்டதும் என் கண் முன்னால் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தி போகும்போது, அங்கிள் பசியாறிட்டீங்களா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏசி குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பழைய உயிலைக் கிழித்துப்போடச் சொன்னார்கள். லேமினேட் பண்ணியதைக் கிழிக்க முடியுமா? கடைசியில் அம்மாவின் ஜாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலால் பட்டை பட்டையாக வெட்டிப் போட்டேன். புதியதை லேமினேட் பண்ணக்கூடாது, கிளிப் போடக்கூடாது, ஸ்டேப்பிளைக் கழற்றவே கூடாது, கழற்றினால் நடுவில் ஏதோ தாளை உருவிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார்களாம். நகல் அவர்களிடம் இருக்கிறது, அசலை நான் வாங்கிக்கொண்டேன். அது இருக்கிற இடம் ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும் அங்கிள் என்று அவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன், அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் கவனமாகப் படி. அடுப்படியில் மேல் அலமாரியில் அம்மாவின் பெரிய பிரஷர் குக்கர் இருக்கிறதல்லவா, தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வேகவைப்பாளே, அதற்குள் ஒரு பைலில் வைத்து மூடியிருக்கிறேன். ரப்பர் இறுக்கமாக இருப்பதால் வெள்ளமும் கரையானும் உள்ளே போக முடியாது. அந்தக் குக்கருக்கு இப்போது வேறு வேலையும் இல்லை. எனக்கு ஒருவனுக்குச் சின்ன ரைஸ் குக்கரே அதிகம், அதிலும் பாதிச் சோறு மறுநாள் வரைக்கும் கிடக்கிறது.

சாவைப் பற்றி எனக்குப் பயம் இல்லையம்மா, நீயும் பயப்படாதே. தனியாக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நீ அங்கே வேலை, வீடு, பிள்ளை என்று ஓடுகிறாய், உன்னைக் குறை சொல்லவில்லை. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, சாந்தினியிடம் தினமும் கொஞ்சமாவது தமிழில் பேசு, மாப்பிள்ளை கார் டயரைப் பார்த்து மாற்றச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நான் போன பிறகு நீ வந்தால் முதலில் குக்கரைத் திறந்து உயிலை எடு, ஸ்டேப்பிளில் கை வைக்காதே. நான் இருக்கும்போதே வந்தால் உயிலை நானே எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுகிறேன், நம் நாலு பேருக்கும் அதில் சமைக்கலாம். விசில் நன்றாகத்தான் வருகிறது, பேப்பரை உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா
ஐயாசாமி