ஒரே மாலையில் இரண்டு இடத்தில் இருந்தவர்

மார்ச் 4

சைக்கிள் மெக்கானிக்கின் ஜாமீன் மனு இன்றும் தள்ளுபடி. யாரோ பூட்டைப் பெயர்த்து ஒரு வீட்டில் திருடிவிட்டார்கள். இவர் கடையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அவ்வளவுதான் வழக்கு. மெக்கானிக் கடையில் வேறு என்ன இருக்கும், பியானோவா என்று கேட்டேன். நீதிபதி சிரித்தார். சிரித்துவிட்டுத் தள்ளுபடி செய்தார்.

ஆனால் போலீஸ் எழுதியிருப்பது வேறு: அக்டோபர் பத்து, மாலை ஆறு மணி, பேருந்து நிலையத்தின் பின்புறம் இவரிடமிருந்து ஸ்க்ரூடிரைவரைக் கைப்பற்றினார்களாம். அதைப் பார்த்ததாகப் போன மாதம் கூண்டேறிச் சொன்னவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். இங்கே எது பிடிபட்டாலும் அவர் முன்னால்தான் பிடிபடும். வக்கீல்கள் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கண்கண்டவர்.

மார்ச் 6

மெக்கானிக்கின் மனைவி வந்தாள். கையெல்லாம் கிரீஸ். இப்போது கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் அவரு நிரபராதின்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் ஏன் மேடம் உள்ள இருக்காரு?"

நிரபராதி என்று சட்டம் சொல்கிறது. நிரபராதி இருக்கவேண்டிய இடம் வீடு என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

மார்ச் 11

கண்கண்டவரைக் கைது செய்துவிட்டார்கள்!

ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர். பழைய கேஸ்களை முடி, முடி என்று மேலிடத்து நெருக்கடி. ஒரு நகைக்கடைத் திருட்டுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. எதிர்க் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி வந்துவிட்டார். யார் எவர் என்று யாரையும் கேட்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக் கோர்ட்டுக்கும் அனுப்பியாயிற்று. மற்ற போலீஸ்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

மார்ச் 13

கோர்ட் வராந்தாவில் கைவிலங்கோடு கண்கண்டவர்.

"என் கேஸ நீங்கதான் மேடம் எடுக்கணும்."

"உங்க பொய்யாலதான் என் ஆளு உள்ள இருக்காரு."

"அது தொழில் மேடம், மனசுல வச்சுக்காதீங்க. ஆனா இது அநியாயம்! செய்யாத தப்புக்குப் புடிச்சு உள்ள போடலாமா? மனுஷனுக்கு உரிமைன்னு ஒண்ணு கிடையாதா?"

சிரிப்பதா, ஓங்கி ஒன்று விடுவதா? முடியாது, வேறு வக்கீலைப் பாருங்கள் என்றேன். அப்புறம்தான் பார்த்தேன், மணிக்கட்டு வீங்கியிருந்தது. அடித்திருக்கிறார்கள். அடிபடாமல் இருக்கும் உரிமையை நல்லவர்களுக்கு மட்டும் எழுதி வைக்கவில்லையே. நீதிபதியிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்ப வைத்தேன். எரிச்சலோடுதான் செய்தேன்.

மார்ச் 14

கண்கண்டவர் வழக்கின் நகல் கிடைத்தது. நகைக்கடைத் திருட்டு நடந்தது அக்டோபர் பத்து, மாலை ஆறு மணி. பேருந்து நிலையம் ஊரின் ஒரு கோடி, நகைக்கடை மறு கோடி.

நாற்காலியிலிருந்து குதித்தேன். வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரே ஆளு ரெண்டு இடத்துல இருக்க முடியாதா என்ன? நீ கோர்ட்ல இருக்கேன்னு இங்க சொல்ற, வீட்ல இருக்கேன்னு அங்க சொல்ற" என்கிறார். மனுஷனா இவர்!

மார்ச் 20

மெக்கானிக் வழக்கில் அனுமதி வாங்கிப் புது இன்ஸ்பெக்டரைக் கூண்டில் ஏற்றினேன். அன்று ஆறு மணிக்குக் கண்கண்டவர் எங்கே இருந்தார்?

"நகைக்கடைல திருடிக்கிட்டிருந்தாரு."

"அப்ப பேருந்து நிலையத்துல இல்ல?"

அரசு வக்கீல் பலமாக இருமினார்.

"அங்கயும் இருந்தாரு."

"எப்படி?"

"விசாரணை நடந்துக்கிட்டிருக்கு."

"என்ன விசாரணை? அவரு மொத்தம் எத்தனை பேருன்னா?" என்றார் நீதிபதி.

கண்கண்டவரை மறுபடி கூண்டுக்கு அழைத்தார்கள். பேருந்து நிலையம்தான் என்று பழைய பொய்யையே பிடித்துக்கொண்டால் அவர் தப்பிவிடுவார், என் மெக்கானிக் உள்ளேயே கிடப்பார். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"ரெண்டு இடத்துலயும் இல்லீங்க ஐயா. என் கடைல ஜெராக்ஸ் போட்டுக்கிட்டிருந்தேன்."

"எதை?"

"ஆறு மணிக்கு ஸ்க்ரூடிரைவரக் கைப்பத்துனதா எழுதியிருந்த காகிதத்த. அஞ்சரைக்கே குடுத்துட்டாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

மார்ச் 27

மெக்கானிக் விடுதலை. ஜெயில் வாசலில் மனைவி அழவில்லை. கடைச் சாவியை அவர் கையில் வைத்து, "ரெண்டு பஞ்சர் பாக்கி இருக்கு" என்றாள். நான்தான் அசடு மாதிரி அழுதேன்.

ஏப்ரல் 19

மெக்கானிக் வந்திருந்தார். ஸ்டேஷனில் கூப்பிட்டு, ஒரு கேஸுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம்.

"நான் எதையும் பாக்கலையேன்னேன் மேடம். பாத்ததச் சொல்ல யாரு வேணாலும் வருவான், பாக்காததச் சொல்லத்தான் நம்பிக்கையான ஆளு வேணும்ங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாட்டேன்னுட்டேன்."

பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஏப்ரல் 24

மெக்கானிக்குக்குப் புதிதாக ஜாமீன் மனு எழுதினேன். இந்த முறை கைப்பற்றியது, காற்றடிக்கும் பம்ப்.

கண்கண்டவர் மேலிருந்த வழக்கைப் போலீஸே கைவிட்டுவிட்டது. பம்ப்பைக் கைப்பற்றியதைக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான். கோர்ட் பக்கத்தில் கரண்ட் இல்லாததால் மனுவை அவர் கடையில்தான் நகல் எடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பக்கமாக நேராக அடுக்கி, பின் அடித்துக் கொடுத்தார்.

"உங்ககிட்ட காசு வாங்க மாட்டேன் மேடம்."

மேஜை மேல் காசை வைத்துவிட்டு வந்தேன்.