மூன்று தட்டு ஆமை

மார்ச் 9, சனி

கடையில் மூக்குக்கண்ணாடி வாங்க யாரும் வரவில்லை. செல்போன் விளையாட்டில் பிடித்து வைத்திருக்கும் பிராணிகளைத் தரம் பிரித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தாக்கு, காப்பு, உயிர் என்று மூன்று எண்கள், பதினைந்துக்கு இத்தனை என்று. மூன்றும் பதினைந்தாக ஒன்று கிடைத்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். எனக்கு அப்படி எதுவும் வாய்த்ததில்லை.

வெளியே விடவேண்டிய வரிசையில் ஒரு சேற்றாமை. தாக்கு 0, காப்பு 15, உயிர் 14. எல்லாக் குறிப்புத் தளங்களும் 'பயனில்லை' என்றே போட்டிருக்கின்றன. விடப்போன விரல் ஏனோ நின்றுவிட்டது. பயனில்லாததை எதற்கு இவ்வளவு அக்கறையாக வரைந்து வைத்தார்கள்?

மார்ச் 12, செவ்வாய்

தம்பி கியோதாகாவை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போனேன். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஏறக்குறைய. வலது கைதான் இன்னும் தூங்குகிறது. கோட்டை அகழியில் பதினெட்டு வருடம் படகு ஓட்டிய கை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், போனில் விளையாடுவதே இல்லையா என்று. எங்கள் மாட்சுவே ஊரிலேயே இவனை அடிக்க ஆள் இல்லாமல் இருந்த ஆட்டம் அது.

"இடது கையால ஒரு தட்டு தட்டறதுக்குள்ள எதிராளி நாலு தட்டிடறான். அதுக்குப் பேர் விளையாட்டா அக்கா?"

அப்புறம் ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நாலு தட்டு. அப்படியானால் எல்லாப் பிராணிக்கும் ஒரே அளவு தட்டுதானா? இத்தனை வருடம் விளையாடுகிறேன், எண்ணிப் பார்த்ததே இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

எண்ணினேன். கடைக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை முழுவதும்.

எல்லோரும் வைத்திருக்கும் தீநரி: அரை நொடிக்கு ஒரு தட்டு, தட்டுக்கு 3 சக்தி. சேற்றாமை ஒரு முறை சேற்றை வாரி அடிக்க இரண்டு முழு நொடி எடுத்துக்கொள்கிறது. அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். ஆனால் அந்த ஒரு தட்டுக்கு 12 சக்தி! பெரிய தாக்குதலான மண்சரிவுக்கு 36 வேண்டும். 36 சேர நரிக்குப் பன்னிரண்டு தட்டு, ஆறு நொடி. ஆமைக்கு மூன்று தட்டு, அதே ஆறு நொடி.

தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மூன்று தடவை பார்த்தேன். தப்பில்லை. மதியம் சாப்பிட மறந்துபோனது.

மார்ச் 19, செவ்வாய்

ஆமையின் தாக்குக்கு இருந்த அந்தப் பூஜ்யமும் புரிந்துவிட்டது. எங்கள் போட்டியில் ஒரு பிராணியின் மொத்த பலம் 1500-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூட்டலில் தாக்குக்குத்தான் அதிக எடை. தாக்கு இல்லாத ஆமையை 1500-க்குள்ளேயே இன்னும் சில படி வளர்க்கலாம். மற்றதைவிட அதிக அடி தாங்கும். குப்பை என்று நினைத்தது மாணிக்கம்.

மார்ச் 30, சனி

யோனெஹாரா அம்மாவின் அரிசி வறுவல் கடை வாசலில் சோதித்தேன். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. வாய்க்கும் அவர்தான் தலைவி.

"என்ன சிஹாரு, ஆமையோட வந்திருக்க? சூப்பு வைக்கப் போறியா?"

வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கட்டைவிரலால் மட்டும் ஆடினேன். ஐந்தில் மூன்று எனக்கு. மூன்றாவதில் தோற்றதும் அவர் வறுவலைத் திருப்பிப் போட மறந்து ஒரு தட்டே கருகியது.

தோற்ற இரண்டும் பறவைகளிடம். பறக்கிறதுக்கு மண்சரிவு உறைக்காது. இரண்டாவது தாக்குதலாக 'ஓட்டுக்குள் ஒடுங்கல்' கற்றுக்கொடுத்தால் சமாளிக்கலாம் என்று கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6, சனி

என் புத்தி எங்கே போனது? கணக்கு நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் கியோதாகா அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தின் தலையில் என் எழுத்திலேயே பெரிதாக — 'தட்டல் குறைவு. கியோதாகாவுக்கு.'

"நான் மெதுவா ஆயிட்டேன்னு எனக்கு மெதுவா ஒரு ஆமை பார்த்து வச்சிருக்க."

"அப்படி இல்லடா, இதோட கணக்கு—"

"ஊரெல்லாம் காட்டிட்டியா? அந்தம்மாகிட்டயுமா?"

காட்டியிருந்தேன். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவனுக்காகத்தான் எண்ணினேனா? இல்லை, எண்ணுவது எனக்குப் பிடித்துப்போய், அவன் பெயரை மேலே எழுதிக்கொண்டேனா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதை அவனிடம் எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 7, ஞாயிறு

நான் வைத்த மிசோ சூப்பை மட்டும் குடித்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

காலையில் என் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேல் அந்த நோட்டு. நான் எழுதியதற்குக் கீழே இடது கை எழுத்து, காற்றில் சாய்ந்த நாணல் மாதிரி:

'தப்பு. ஓட்டுக்குள்ள எத்தனை நேரம் ஒளிவ? பறவை காத்திருந்து கொத்தும். கல்மழை கத்துக்குடு. 45 சக்தி. நாலு தட்டு. 3 மிச்சம்.'

அந்த நான்கு வரி எழுத அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கடையில் ஒருவருக்குக் கண்ணாடிக்காகக் காது அளவு எடுக்கும்போது கண் கலங்கி, தூசி என்று பொய் சொன்னேன்.

அவன் சொன்னது சரி. கல்மழைதான். எனக்கு ஏன் தோன்றவில்லை? சாயங்காலம் ஆமையை அவன் போனுக்கு மாற்றிக்கொடுத்தேன். "ம்" என்றான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கடைத்தெருவில் வசந்தப் போட்டி. பதினாறு பேர். போனை மேஜையில் படுக்க வைத்து, இடது சுட்டுவிரலால் ஆடினான். முதல் சுற்றிலேயே யோனெஹாரா அம்மா. அவர் பறவையை இறக்கினார். அவன் அசையவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கல்மழை. பறவை கீழே.

எழுந்திருக்கும்போது அவர் சொன்னார், "உடம்பு முடியாதவன்னு விட்டுக்குடுக்கல, தெரிஞ்சுக்கோ."

"விட்டுக்குடுத்திருந்தாலாவது கௌரவமா தோத்திருப்பீங்க."

அக்டோபரில் பக்கவாதம் வந்த பிறகு அவன் யாரையும் சீண்டி நான் கேட்டதில்லை. அவர் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது சுற்றில் ஒரு நர்ஸ் பெண்ணிடம் தோற்றான். புல் வகைப் பிராணி. ஆமையை அப்படியே விழுங்கிவிட்டது. வீடு வரும்வரை அதைப் பற்றியே பேச்சு, நான் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை.

மே 14, செவ்வாய்

இப்போதெல்லாம் சிகிச்சைக்கு அவனே பஸ் ஏறிப் போய்விடுகிறான். இன்று வர ஒரு மணி நேரம் தாமதம். அங்கே வருகிறவர்களில் நான்கு பேர் விளையாடுகிறார்களாம். ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

சாப்பிடும்போது கேட்டான், "அக்கா, அங்க வர்ற ஒஷிமா அம்மாவுக்கு ஒரு விரல்தான் நீளும். பார்வையும் மங்கல். என்ன பிராணி சரிப்படும்?"

சாப்பாட்டுக் குச்சிகளை வைத்துவிட்டு நோட்டை எடுக்க எழுந்தேன். "இரு, எண்ணிப் பார்த்துச் சொல்றேன்."

"வேண்டாம், நான் எண்ணிட்டேன். நீ சரியா சொல்றியான்னு பார்க்கத்தான் கேட்டேன்."