நாற்காலி போடும் பாடகி

வீட்டம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

அலுவலகத்தில் அரைநாள் விடுப்பெடுத்து, பேத்தியைச் சேர்ப்பதற்காக இந்த ஊரின் பெரிய இசைக் கல்லூரியைப் பார்த்து வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆயிரம் பேர் அமரும் அரங்கைக் காட்டிப் பெருமையடித்தார்கள். மேடையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மூன்றாமாண்டுப் பெண்ணிடம், இங்கே எத்தனை முறை பாடியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"நாற்காலி போடத்தான் மேடையேறுறேன் தாத்தா. பாடுறதெல்லாம் வெளியாளுங்க."

"இப்பப் பாடும்மா" என்றேன். பாடினாள். அரங்க மேலாளர் ஓடிவந்து, "யாருங்க இங்க சத்தம் போடுறது?" என்றார்.

"உக்காருங்க! பாட்டு முடியல" என்று கத்தினேன். யாரிடமும் குரல் உயர்த்தாத நான்தான்! அவரும் உட்கார்ந்துவிட்டார்.

சரியா தவறா தெரியவில்லை, பேத்திக்கு வாங்கிய விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். வாரந்தோறும் மாணவரை மேடையேற்றும் சின்னக் கல்லூரியே போதும்.

இங்கே குளிர் அதிகம், கம்பளிக் குல்லாய் அனுப்பு. பேத்தி பாடுவதையும் பதிந்து அனுப்பு. நான் தனியே இருக்கும் இந்த அறையில் குரலே இல்லை.