ஸ்மார்ட் போர்டுக்கு நான் வைத்த பொட்டு

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. அதைக் கைப்பேசியின் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஊதாப் புள்ளி ஒன்று திரையில் மினுங்கியது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இந்த வித்தை தெரியும் என்பதில் என் கணவருக்கு ஒரே வியப்பு. எனக்கோ உங்கள் நினைவு வந்துவிட்டது.

நம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த வருடத்தை எண்ணிப் பார்க்கிறேன். நீங்கள் அறிவியல், நான் வரலாறு. எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கரும்பலகையில் சோழநாட்டு வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஸ்மார்ட் போர்டின் முன் நின்றால் மட்டும் எதைத் தொடுவது என்றே தெரியாது. மாணவிகள் முன்னால் தடுமாறுவதைவிடப் போய்விடலாம் என்று விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். அது உங்களுக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் வகுப்பில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். உலக உருண்டைக்கு, சாக்பீஸ் பெட்டிக்கு, பிறகு ஸ்மார்ட் போர்டின் நான்கு மூலைகளுக்கும். சட்டத்தின் உள்விளிம்பில் சந்தனத்தை நன்றாகக் குழைத்து அப்பி, மேலே குங்குமம். பயந்த பொருளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன் போலிருக்கிறது.

விடுமுறை முடிந்து வந்து, பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டின் படத்தைப் பெரிதாக்க விரலை வைத்தேன். ஒரு கோடு கிளம்பி மூலைக்கு ஓடியது. இன்னொன்று எதிர்மூலைக்கு.

"டீச்சர், போர்டு தானா கோலம் போடுது!"

"பொட்டு வெச்சாங்க இல்ல, சாமி வந்துடுச்சுடி!"

வகுப்பே சிரித்தது. நான் பக்கத்து வகுப்பிலிருந்த உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் வந்து பலகையைப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னீர்கள்: "இன்னா டீச்சர், புதுப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணி வெச்சுக்கினு இருக்கீங்க?"

"கரண்ட் சரியில்லன்னு சொல்லிடலாமா?" என்று கெஞ்சினேன்.

"பொய் சொன்னா அடுத்த வருஷமும் பொட்டு வெப்பீங்க. நீங்க பண்ணதை நீங்களே சொல்லுங்க. எப்படின்னு நான் சொல்றேன்."

வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "இது என் தப்புமா. இந்தப் போர்டு எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியாது."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. நீங்கள் உங்கள் கைப்பேசியின் கேமராவைச் சட்டத்துக்கு நேராகப் பிடித்தீர்கள். எல்லோரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தோம். வெறும் கறுப்புப் பட்டை என்று நான் நினைத்திருந்த இடத்தில் ஊதாப் புள்ளிகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. மூலையில், சந்தனம் இருந்த இடம் மட்டும் இருட்டு.

"மேலேர்ந்து கீழே வெளிச்சம் ஓடுது, அது தறியில பாவு நூல் மாதிரி. பக்கவாட்டுல ஓடுறது ஊடை. விரலை வெச்சா ரெண்டுலயும் இழை அறுபடுது. எந்த எடத்துல அறுந்துச்சோ அங்க கை இருக்குதுன்னு போர்டுக்குத் தெரியும். நம்ம டீச்சர் சந்தனத்தாலயே நாலு மூலையையும் அறுத்துட்டாங்க."

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒருத்தி சொன்னாள்: "எங்கப்பாவும் அப்பிடித்தான் டீச்சர். ஒரு இழை அறுந்தாலும் பாக்காமயே கைய வெச்சுச் சொல்லிடுவாரு."

என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெளிச்சத்தாலேயே விரித்த ஒரு பாவு. மாதக்கணக்காக அதற்குள் கையை விட்டு விட்டு எடுத்திருக்கிறேன். கோபுரத்தை முதன்முதலாக அண்ணாந்து பார்த்த குழந்தைபோல இருந்தேன். ஈரத்துணியால் நானே மூலைகளைத் துடைத்தேன். செப்பேட்டின் ஓர் எழுத்து, பலகை நிறைய விரிந்தது.

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. என் தொழில்நுட்பத் திறமையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இன்றும் ஒன்றுமில்லை. வீடியோ அழைப்பில் என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று மகள் திட்டுகிறாள். ஆனால் அந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. மீதி இரண்டு வருடமும் ஏதாவது ஒன்று சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் வகுப்பைப் பார்த்து, "எனக்குத் தெரியலமா, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் நான்கைந்து கைகள் உயர்ந்தன. அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணின் கையும்.

அதற்கு முன் நான் பாடம் நடத்திய இருபத்தெட்டு வருடமும் அந்தக் கைகள் அங்கேதானே இருந்திருக்கும், டீச்சர்?