தண்ணீர்மலை ஓடையில் நீங்கள் கடித்த கை

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டுக் குழந்தையை மொட்டையடித்துச் சந்தனம் பூசித் தூக்கிவந்தார்கள். அந்த வாசனை பட்டதும் என் மகனின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். "நோகுது அம்மா" என்று முறைத்தான்.

நீங்கள் பினாங்கிலேயே பிறந்தவர். நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் படித்துவிட்டு, கலியாணமாகிக் கப்பலில் வந்திறங்கியவள். பக்கத்து வீட்டிலிருந்த நீங்கள்தான் இங்கே எனக்குக் கூடப்பிறந்தவர். மகனின் முதல் மொட்டைக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு எங்களோடு வந்தீர்கள். பிறகு அருவியைப் பார்க்க மேலே ஏறினோம். இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவே கணுக்காலளவு தண்ணீர்.

இறக்கிய முடியை ஓடுகிற நீரில்தான் விடவேண்டும். கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடந்ததால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடு ஓடைக்குப் போனேன்.

"நடுவுல விட்டாத்தான் முடி யாழ்ப்பாணம் போய்ச் சேருமா லா?" என்று கரையிலிருந்து சிரித்தீர்கள்.

"பகிடி விடாதேங்கோ அக்கா!"

எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலையுச்சியில் மழை பெய்திருக்கிறது. ஓர் உறுமல் கேட்டது. அடுத்த கணம் கல்லும் முறிந்த மரமுமாகச் செந்நிற வெள்ளம் வளைவைத் திரும்பியது. ஓட எத்தனித்தேன், கால் இரண்டு பாறைகளுக்கிடையில் மாட்டிக்கொண்டது.

நீங்கள் குதித்து வந்தீர்கள். "பிள்ளைய குடு!"

நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் போய்விடுவான் என்றிருந்தது. கன்னத்தில் அறைந்தீர்கள். மறுபடியும் அறைந்தீர்கள். தண்ணீர் அவன் வாயைத் தொட்டதும் என் மணிக்கட்டைக் கடித்தீர்கள், எலும்பில் பல் படும்வரை. கை தானாக விரிந்தது. அவனைப் பிடுங்கி, கரையில் ஓடிவந்த என் கணவரிடம் எறிந்தீர்கள். பிறகு என் தலைமயிரைப் பற்றி இழுத்தீர்கள். தோலுரிந்து கால் வெளியே வந்தது. நான் கரை வேரைப் பிடித்தபோது ஒரு மரம் உங்கள் விலாவில் மோதியது. வெள்ளம் உங்களை அடித்துக்கொண்டு போனது.

கீழே பாலத்தடியில் உங்கள் உடலை எடுத்தபோது விரல்களில் என் முடி சுற்றியிருந்தது.

இன்று மகன் என் தழும்பைத் தடவி, "இது ஆர் கடிச்சது?" என்றான்.

"உன்ர பெரியம்மா."

"அவ கெட்டவவோ?"

"இல்லையடா. உன்னைக் கேட்டவ. நான் குடுக்கேல்லை."

நான் பிடித்திருந்த கையை உருவப் பார்த்தான். பிறகு, "சரி, விடுங்கோ. நான் விளையாடப் போறன்" என்றான்.

விட்டேன், அக்கா. அவன் தெருமுனை திரும்பும்வரை அந்தத் தழும்பைப் பல்லால் அழுத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.