வாயால் சொல்லாத நான்கு பெயர்கள்

அத்-பாஷி,
மார்ச் கடைசி வாரம்.

ஜிபெக்கின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் அப்பாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது, குரலும் அப்படியே இருக்கிறது. சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டது. ஜிபெக்குக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் வாயை இறுக்க மூடிக்கொள்கிறாள். அங்கே செல்யாபின்ஸ்கில் குளிர் குறைந்ததா? கையுறை கிழிந்திருந்தால், லீவு முடிந்து அங்கே திரும்புகிற தோக்தோசுனிடம் கொடுத்து அனுப்பியிருக்கும் ஜோடியைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடிதமும் அவன் பையில்தான் வருகிறது. போனில் பேசலாம் என்றால் சுற்றிலும் நாலு பேர் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நம் பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார் வேலைக்குப் பரீட்சை நடந்துவிட்டது. முடிவை இப்போதே சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. இந்தத் தடவை அது வேண்டாம்.

இந்த வேலைக்காக நான் எவ்வளவு தவித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் நீங்கள் அடுத்த குளிருக்கும் அங்கே செங்கல் அடுக்க வேண்டாம். அந்த ஒரே எண்ணத்தில்தான் பால் கறக்கும்போதும் படித்தேன். உங்கள் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மருமக பள்ளிக்கூடம் போயிட்டா மாட்டை யார் கறப்பா, ஜனாதிபதி வந்து கறப்பாரா?" என்று நாளெல்லாம் புலம்பினார். ஆனால் பரீட்சையன்று காலையில் நான் எழுந்தபோது பசுக்களையெல்லாம் ஏற்கெனவே கறந்து முடித்திருந்தார். கேட்டதற்கு, "தூக்கம் வரலை, கறந்தேன். அதுக்கென்ன இப்போ?" என்று எரிந்து விழுந்தார்.

பரீட்சை பள்ளிக்கூடத்து ஹாலில், ஊர் பார்க்க நடந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓர் அம்மாள் தலைமை தாங்க வந்திருந்தார். பெயர் தமீரா. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு நம்மை மேலிருந்து பார்க்கிற ரகம். நம் வீட்டு ஆட்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள்: உங்கள் அப்பா, அம்மா, அண்ணன். எனக்குப் போட்டியாகப் பக்கத்து ஊர் எர்மெக். எழுத்துப் பரீட்சையில் இருவரும் சமம். கடைசியாக, மனிதக் குணங்களைப் பற்றிய பாடத்திலிருந்து ஆங்கிலச் சொற்களைக் கேட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் நம் மொழியில் அர்த்தம் சொல்லச் சொன்னார்கள். எர்மெக் சோளம் பொரிகிற மாதிரி, சொல்லுக்கு ஒரு சொல்லாகப் பொரித்துத் தள்ளினான். கைதட்டல் பலமாக இருந்தது.

என் முறை வந்தது. தமீரா அம்மாள் கேட்ட முதல் சொல், பேஷன்ஸ்.

சிரிக்காதீர்கள். நம் மொழியில் அதற்கு இருக்கிற ஒரே நல்ல சொல் உங்கள் அப்பாவின் பெயர்! மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? வீட்டில் அந்தச் சொல் வேண்டுமானால் "அவசரமில்லாதது" என்று சொல்லிச் சமாளிப்பேன். அங்கே அவர் எதிரிலேயே மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடும்மா, நேரமாகுது" என்றபடி தமீரா அம்மாள் பேனாவைத் திறந்தார். உங்கள் முகம்தான் கண்முன் வந்தது. எப்படியோ வாயைத் திறந்தேன். "குட்டி போடப்போற குதிரை பக்கத்துல விடியவிடிய உட்கார்ந்திருக்கறவன்கிட்ட இருக்கறது அது. அவன் குதிரையை அதட்ட மாட்டான், இழுக்க மாட்டான். டீ ஆறிப்போனாலும் அவனுக்குக் கோபம் வராது" என்றேன்.

ஹால் குலுங்கியது. டீ இரண்டு நிமிடம் தாமதமானால் கூரையைப் பிய்க்கிறவர் உங்கள் அப்பா என்பது ஊருக்கே தெரியுமே. சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை.

அடுத்த சொல் ஜஸ்டிஸ். அது உங்கள் அண்ணன் பெயர்! "ஆட்டை வெட்டிப் பங்கு போடுறப்போ, வந்தவன் தட்டை மட்டும் பார்க்காம, வராதவனுக்கும் அவனுக்குரிய எலும்புக்கறியை எடுத்து வைக்கறது" என்றேன். அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது கைண்ட்னஸ். யார் பெயர் என்று நான் சொல்லவும் வேண்டுமா? "வாசல்ல நாய் குரைச்சதும், வர்றது யாருன்னு கேட்காமலே சூப்புல இன்னொரு கிண்ணம் தண்ணி ஊத்தறது. வாய் திட்டிக்கிட்டே இருக்கும், கை ஊத்திக்கிட்டே இருக்கும்" என்றேன். உங்கள் அம்மா அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஹாலில் அடுப்பே எரியவில்லை.

தமீரா அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "முன்னாடி வந்தவர் ஒரே சொல்லுல சொன்னாரே, நீ ஏம்மா ஊரைச் சுத்தறே?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் உங்கள் அப்பா கைத்தடியோடு எழுந்துவிட்டார். "அவ சொல்ல மாட்டாம்மா! முதல்ல கேட்டீங்களே, அது நான்! ரெண்டாவது இதோ, என் பெரிய பையன். மூணாவது இந்தக் கிழவி. எங்க வீட்டு ஆளுங்களையே வரிசையாக் கேட்டா என் மருமக என்ன பண்ணுவா?" என்று கூவினார். தன் பெயரையும் தானே கத்திச் சொன்னார். பேஷன்ஸையே பெயராகக் கொண்டவர் அவ்வளவு நேரம் தாங்கியதே அதிசயம்.

கண்ணாடி அம்மாள் விழுந்துவிழுந்து சிரித்தார். அவருடைய அம்மாவும் சாகும்வரை மாமனார் பெயரைச் சொன்னதில்லையாம். "சரி, வீட்டுல யார் பேரும் இல்லாத ஒண்ணாக் கேட்கறேன்" என்று பக்கத்தைப் புரட்டிக் கேட்டார்: கரேஜ்.

மறுபடி ஹால் முழுக்கச் சிரிப்பு. ஏனென்றால் அது நீங்கள்.

உங்கள் அப்பா, "சொல்லிடு தாயி, நாங்க காதைப் பொத்திக்கறோம்" என்றார். முன்வரிசை மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. அப்படியும் நான் சொல்லவில்லை. "ஊரை விட்டுப் போறதுக்கு அது அவ்வளவா வேண்டியதில்லை. எல்லாரும்தான் போறாங்க. கார் இல்லாம, பை நிறைய சாமான் இல்லாம, வெறுங்கையோட திரும்பி வந்து, ஊர் பார்க்கப் பகல்ல இந்தத் தெருவில நடக்கறதுக்குத்தான் அது வேணும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. உங்கள் அப்பா காதிலிருந்து கையை எடுத்திருந்தார்.

அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். வேலை எனக்குத்தான்! எர்மெக்கே முதலில் ஓடிவந்து, "அக்கா, நான் அகராதியைப் படிச்சேன், நீங்க வீட்டைப் படிச்சிருக்கீங்க" என்றான். உங்கள் அப்பா என்னைக் குதிரையில் ஏற்றி, கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொண்டு, தெரு முழுக்க நடத்திக் கூட்டிவந்தார். முட்டிவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை! ஜிபெக் எனக்கு முன்னால் உட்கார்ந்து, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு சந்தோஷமாக நான் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் ஆடு வெட்டினோம். உங்கள் அண்ணன் உங்கள் பங்கைத் தனியாக எடுத்து உப்புத் தடவிக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

தோக்தோசுன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நீங்கள் போனில் சொல்லாததையும், கையில் ஒன்றும் சேராமல் ஊர் முகத்தில் விழிக்கக் கூசுகிறீர்கள் என்பதையும் சொன்னான். அவனைத் திட்ட வேண்டாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெயில் ஏறினால் இறைச்சி தாங்காது. உங்கள் அம்மா சூப்பில் தினமும் ஒரு கிண்ணம் தண்ணீர் கூடுதலாகத்தான் ஊற்றுகிறார்.

கடவுள் உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும். இத்தனை வருடமாக உங்களை அழைக்காத பெயரை இன்று ஒரு தடவை எழுதுகிறேன். யாரும் பார்க்கவில்லை.

கைராத், வீட்டுக்கு வாங்க.

உங்கள்,
பர்ச்சின்