உன் படத்தைச் சுற்றிச் செத்தவை

மச்சாள்,

நம் பேரப்பிள்ளைகளின் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன், பெருமையை அடக்க முடியவில்லை. மூத்தவள் வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். கறுப்பு அங்கியோடு அவள் நின்றபோது உனக்கும் சேர்த்து நான்தான் அழுதேன். நடுவிலான் கட்டாரில் என்ஜினியர். அவன் வேலை செய்கிற மாடிகளைப் போனில் காட்டினால் அண்ணாந்து பார்த்த மாதிரிக் கழுத்து நோகிறது. சின்னவள் எல்லாப் பாடத்துக்கும் ஏ எடுத்து, பள்ளிக்கூட வாசலில் அவளுடைய படம் பெரிதாய்த் தொங்குகிறது. இத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் உன் ஆண்டுத் திவசத்துக்கு வந்து என் முற்றத்தை நாற வைத்திருக்கிறார்கள்.

எழுதுகிற கையிலும் அதே நாற்றம். தேசிக்காய் தேய்த்தேன், சாம்பல் போட்டுக் கழுவினேன், போகவில்லை. நட்சத்திர மீன் செத்து அழுகினால் எப்படி நாறும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முந்தநாள் மூவரும் நம்மட மாங்கேணிக் கரைக்குப் போனார்கள். முழங்கால் தண்ணீரில் கடற்புல்லுக்குள் கிடந்த நட்சத்திர மீன்களை வாளி வாளியாய் அள்ளினார்கள். உன் படத்தைக் காய்ந்த மணலில் வைத்து, அதைச் சுற்றி மாலை மாதிரி அவற்றை அடுக்கி, பறக்கிற கமராவை மேலே அனுப்பிப் படம் எடுத்தார்கள். மேகம் மறைத்ததால் வெயில் வரும்வரை காத்திருந்தார்களாம். தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் அதுக்கு மூச்சு. அடிப்பக்கம் பூந்தண்டு மாதிரி நிறையச் சின்னக் கால்கள் இருக்குமே, அவை மணலைத் தடவித் தடவியே காய்ந்திருக்கும். பிறகு எல்லாவற்றையும் வாளிகளில் போட்டு என் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். காயவைத்து, உன் படத்துக்குச் சட்டம் செய்யவாம்.

அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு நடுவிலான் எழுதியிருக்கிறான், ‘கடலின் நட்சத்திரங்களை நேசித்த எங்கள் அம்மம்மாவுக்கு’ என்று.

நீயா நேசித்தாய்? முதலில் சிரித்தேன். பிறகு போனைத் தள்ளி விட்டேன்.

என் அண்ணனுக்குப் பெண்சாதியாய் இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து உனக்கு அதைக் கண்டால் ஆகாது. நண்டு வலையைப் பரப்பி நீயும் நானும் சிக்கெடுக்கும்போது, முதுகில் சிவப்புக் குமிழோடு அது சுற்றிக்கொண்டு வரும். நீ முகத்தை நெளித்து, “இந்தா வந்திட்டுகா உன்ட மாப்பிள்ளை” என்று என் மடியில் போடுவாய். ஒருநாள் ஒன்றைப் புரட்டினாய். அது ஒரு மட்டியைக் கட்டிப் பிடித்திருந்தது. நடுவில் இருக்கிற வாயால் தன் வயிற்றையே வெளியே தள்ளி, மட்டி ஓட்டின் இடுக்குக்குள் விட்டு, சதையை அங்கேயே கூழாக்கிக்கொண்டிருந்தது. நீ தூரப்போய்த் துப்பினாய். அன்று மத்தியானம் மட்டிக் கறியை நீ தொடவில்லை. உன் பங்கையும் நான்தான் தின்றேன்.

இருந்தும் ஒன்றையாவது மணலில் விட்டுவிட்டு நீ எழும்பினதில்லை. பூவரசம் இலையால் பிடித்து, முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி விடுவாய். அண்ணன் எரிச்சலில் பிய்த்து எறியப் போனால் மறிப்பாய். நடு உடம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தால் போன கை திரும்ப முளைத்துவிடும், வீணாக ஏன் அதை நோகப் பண்ணுகிறாய் என்பாய். கை முளைக்கிற ஒன்றை எனக்குக் காட்டியும் இருக்கிறாய். குழந்தைப் பல் மாதிரி ஒரு முனை. அதற்கும் முகத்தை நெளித்தாய்.

இவ்வளவு அருவருப்பென்றால் வெயிலில் விட்டுவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

“எனக்குப் புடிக்காததெல்லாம் சாகணும் எண்டா, மறுகா கடலில என்னகா மிஞ்சும்? அடியில கிடக்கிற அழுகலை நீயா போய்த் தின்னப் போறாய்?” என்றாய்.

நேற்று இதையெல்லாம் நடுவிலானிடம் சொன்னேன். அவன் போனை நீட்டினான். “எத்தின பேர் பாத்திருக்காங்க எண்டு பாருங்க. வெறும் மீன்தானே.” திவசத்துக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவு மலரின் அட்டைக்கும் அந்தப் படமே போகிறதாம். உள்ளே போட நான் நாலு வரி எழுதித் தரவேண்டுமாம். அஞ்சாம் வகுப்போடு நின்ற கைதான், என்றாலும் எழுதுகிறது, பார்.

நீ உயிரோடு இருந்தவரை அருவருத்த ஒன்றை உன் கழுத்துக்கு மாலையாக்கி, நீ ஒருநாளும் செய்யாத கொலையை உன் பேரில் செய்திருக்கிறார்கள். திவசத்துக்கு வருகிற சனம் அந்த அட்டையோடுதான் வீட்டுக்குப் போகும். உன்னைக் காணாத பிள்ளைகளுக்கு இனி நீ அதுதான். அதைத்தான் மச்சாள் என்னால் விழுங்க முடியவில்லை.

இன்று விடிய வாளிகளைக் கொட்டிப் புதைக்கப் போனேன். எல்லாம் கரைந்து கூழாய்க் கிடந்தது. மாலைக்கு மிஞ்சினதென்று தண்ணீரோடு விட்டிருந்த சின்ன வாளியில் ஒன்று மட்டும் ஒரு கையை மெல்ல மடித்தது. இலை தேட நேரமில்லை. வெறுங்கையால் அள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினேன், இந்த முழங்காலோடு. உள்ளங்கை முழுக்க அந்தச் சின்னக் கால்கள் ஒட்டி ஒட்டி இழுத்தன. தண்ணீருக்குள் கையை வைத்தும் அது உடனே விடவில்லை. அது தானாய் விடும்வரை குனிந்து நின்றேன். சத்தியமாய் அருவருப்பாகத்தான் இருந்தது. என் முகம் நெளிந்த நெளிவு எனக்கே தெரிந்தது. அது உன்னுடையது மச்சாள். என்னிடம் மிச்சம் இருப்பதும் அதுதான்.

பிள்ளைகளே, மலருக்கு நீங்கள் கேட்ட நாலு வரி இதுதான், இதில் ஒரு எழுத்தும் வெட்ட வேண்டாம். மூத்தவளின் போனில் இன்னும் ஒருவருக்கும் காட்டாத ஒரு படம் இருக்கிறது. வலைக்குப் பக்கத்தில் உங்கள் அம்மம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். வடிவில்லை என்று மூத்தவள் ஒளித்து வைத்திருக்கிறாள். அந்த மாலைப் படத்தை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு, இந்தப் படத்தைப் போடுங்கள்.